தெரியாது டீச்சர்

அதான் நானும் சொல்றேன் சரசு, உன் புள்ளைக்கு டியூசன் எடுக்கிறவரு எதைக் கேட்டாலும் டக்குடக்குன்னு பதில் சொல்றாருன்னு பெருமை பேசிகினு இருக்கியே, எங்க தீபாவுக்கு ஒரு டீச்சர் வாச்சிது பாரு, எதைக் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லும். சத்தியமா. நீ இந்தத் தெருவுக்குக் குடிவரதுக்கு முந்தி நடந்த கதை. அந்த முருங்கைக்கீரைய இப்படித் தள்ளு, உருவிகினே பேசலாம்.

அந்தம்மாவுக்கு இன்னா பேரோ, பசங்க வெச்ச பேருதான் என் வாயில நிக்குது. தெரியாது டீச்சர். கண்ணமங்கலத்துலேர்ந்து பஸ்ஸுல வரும். ஒல்லியா, ஒசரமா, கழுத்த நீட்டிகினு கொக்கு கணக்கா நடக்கும். கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி வுட்டுட்டு அதையே ஊரெல்லாம் தேடும். தோள்ல ஒரு பை. உள்ள இன்னா இருக்கும்னு நெனைக்கிற? பூசணம் புடிச்ச ரொட்டி, அழுகின தக்காளி, எந்த ஏரித் தண்ணியோ பாட்டில்ல பச்சைப் பசேல்னு. பஸ்ஸுல அது குந்துனா பக்கத்து சீட்டு காலி. கண்டக்டரு ஒரு நாளு, இன்னாம்மா இப்படி நாறுதுன்னு கேட்டிருக்கான். இது டப்பாவத் தொறந்து அவன் மூக்குக்கிட்ட நீட்டி, இட்லி மாவுதாங்க, இதுல மட்டும் ஏன் ஆரஞ்சு கலரு வந்துச்சின்னு தெரியல, உங்களுக்குத் தெரியுமான்னு அவனையே கேட்டுச்சாம். அன்னியிலேர்ந்து அந்த ஆளு படிக்கட்டுலதான் நின்னுகினு வந்தான்.

நாம தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவோம்? கடன்காரன் முன்னாடி நிக்கிறாப்ல தலையக் குனிஞ்சிகினு சொல்லுவோம். அந்தம்மா சொல்றப்ப மூஞ்சி பளிச்சுனு ஆவும், வூட்டுக்கு விருந்தாளி வந்தாப்ல. ‘தெரியாதே’ன்னு இழுக்கும். உடனே, ‘பாத்துடலாமா?’ன்னு கேக்கும். அவ்ளோதான் அதோட பாடம். ஒரு வாட்டி மேல இருந்து பெரிய ஆபீசரு பாக்க வந்தாரு. வந்தவரு அந்தம்மாகிட்ட என்னமோ ஒரு கேள்வி கேட்டாரு. பசங்கல்லாம் நிக்கிறாங்க, எட்மாஸ்டரு நிக்கிறாரு. இது கூச்சமே இல்லாம, தெரியாதுங்க சார், பாத்துடலாமான்னு கேட்டுச்சாம். எட்மாஸ்டருக்கு வேர்த்துப் பூடுச்சி. ஆபீசரு வேற வேலை இருக்குதுன்னு சொன்னாரு, ஆனா லேபுல இருந்த மைக்ராஸ்கோப்புல குனிஞ்ச மனுசன் நிமிரவே இல்லையாம். டிரைவரு வந்து கூப்பிட்டப்புறம்தான் எழுந்தாராம். தீபா வந்து இதை நடிச்சிக் காட்டுவா, எனக்கு வயிறு வலிக்கும் சிரிச்சி.

தீபா யாருன்னு கேக்காத. என் பேத்திதான், வேலூர்ல படிக்கிறாளே அவதான். பத்தாவதுல மார்க்கு கொறைச்சலாப் பூடுச்சின்னு அவளைத் தொழில் பிரிவுல போட்டுட்டாங்க. மத்த பசங்க அதை மக்கு குரூப்புன்னு கூப்பிடுவாங்க. இவ அழுதுகினேதான் போனா. லேபுன்னு பேரு, ஆனா ஓட்டு மேல அணில் ஓடுற ரூமு, கால் ஆடுற பெஞ்சி, ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பு. அதுவரைக்கும் புத்தகத்துல இருக்கிறத வரைஞ்சி கலரு அடிச்சிகினு வந்தாப் போதும். இந்தம்மா வந்து, படம்லாம் வோணாம், உங்க உங்க வூட்டுல எது பேஜாரா இருக்குதோ அதை எடுத்துகினு வாங்க, வருசம் பூரா அதுதான் உங்க பிராஜெக்டுன்னு சொல்லிடுச்சி. சாயப்பட்டறைக்காரன் புள்ளை சாயத் தண்ணிய கொண்ணாந்து, அதை ஊத்துனா பச்சைப்பயிறு மொளைக்குதா பாத்தான். பால்கார வூட்டுப் பொண்ணு, எந்தப் பாத்திரத்துல வெச்சா பாலு சீக்கிரம் திரியுதுன்னு பாத்தா. அவங்க வூட்டுல பாத்திரம் பூரா பள்ளிக்கூடத்துக்கு வந்துடுச்சின்னு அவ அம்மா வந்து சண்டை போட்டா. அது வேற கதை.

எங்க வூட்டு பேஜாரு இன்னான்னு கேளு.

நாம தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி போடுறோம் இல்ல? விடிகாலையில தெருவுல பாவ நீட்டி, ரெண்டு பக்கமும் ஆளு நின்னு, கஞ்சித் துணியால நீவிகினே போறது. வெயில் மாசத்துல சிக்கலே இல்ல, ஜல்தியா காஞ்சிடும். மழை மாசத்துலதான் தலைவலி. அந்த வருசம் தறியில ஏத்தின பாவுல கருப்பு கருப்பா புள்ளி வந்துடுச்சி. மொளகு தூவுனாப்ல. வெளிர் ரோசு கலரு பாவு வேற. நெய்ஞ்ச புடவைய தறியிலேர்ந்து அறுத்துகினு போனா, பாவு குடுக்கிற முதலாளி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிப் பாத்துட்டு, இன்னொரு தரம் இப்படி வந்துச்சின்னா உனக்குப் பாவு இல்ல குமாருன்னு என் புள்ளைகிட்ட சொல்லிட்டாரு.

குமாருக்குப் பைத்தியம் புடிச்சாப்ல ஆயிடுச்சி. யார் மேல பழிய போடுறது? என் மருமவளுக்கு கர்ப்பப்பை எடுத்தாச்சி. நான் கெழவி. வூட்டுல மாசா மாசம் தூரமா ஒக்கார்றது தீபா ஒருத்திதான். அவதான் அந்த நாள்ல தெரியாம கஞ்சியத் தொட்டுட்டா, இல்ல பாவைத் தாண்டிட்டா, அதான் தீட்டு பட்டுப் புள்ளி வந்துடுச்சின்னு முடிவே பண்ணிட்டான். அந்த நாளு வந்தா அங்கதான் படுக்கணும்னு பின்னாடி விறகுக் கொட்டாயில பாய போட்டுக் குடுத்துட்டான். அதுலயும் மழைச்சாரல் உள்ளாற அடிக்கும். போதாததுக்கு, பள்ளிக்கூடம் போனது போதும், பெரணமல்லூர்ல எங்கக்கா வூட்டுல வுட்டுடலாம், அங்கயே ஒரு வரனும் பாத்து வெச்சிருக்காங்கன்னு பேச ஆரம்பிச்சிட்டான். மருமவ வாயத் தொறக்கல. நான் தொறந்தேன், எங்க எடுபடுது?

தீபா இன்னா பண்ணா தெரியுமா, அதையே பிராஜெக்டா எடுத்துகினு பூட்டா. பொம்பளைப் புள்ளைங்க சேந்து கொஞ்சம் கஞ்சி காச்சி, மூணு டம்ளர்ல ஊத்தி, தட்டு போட்டு மூடி வெச்சாங்க. ஒண்ணை யாரும் தொடல. ஒண்ணை ஒரு பையன் வெரலால தொட்டான். ஒண்ணை தீபா அவ நாள்ல தொட்டா. எது எதுன்னு தெரியணுமே, நம்ம வூட்டு கழிவுப் பட்டு நூல எடுத்துகினு போயி கட்டி வெச்சா. யாரும் தொடாததுக்கு வெள்ளை, பையனுதுக்குப் பச்சை, அவளுதுக்கு செவப்பு. எழுத்து தெரியாத என்னாட்டம் ஆளுக்கும் புரியும் பாரு.

எது மொதல்ல பூத்துச்சின்னு சொல்லு பாக்கலாம்.

செவப்புதான்டி. செவப்புதான் மொதல்ல பூசணம் பூத்துச்சி. மத்தது ரெண்டும் ஊத்தினாப்ல அப்படியே இருக்குது.

புள்ளை வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு துண்ணல. குமாரு எப்படியோ கேள்விப்பட்டுட்டான். உங்க படிப்பே சொல்லிடுச்சி இல்ல, இனிமே இன்னான்னு மூட்டை கட்டச் சொல்லிட்டான்.

நான் சும்மா இருப்பனா? மறுநாளு கொடைய எடுத்துகினு பள்ளிக்கூடத்துக்கே போனேன். மழைக்கு நான் பொறந்ததுலேர்ந்து பள்ளிக்கூடத்துல ஒதுங்கினது அன்னிக்குதான். அந்தம்மா என்னைப் பாத்ததும், வாங்க ஆயா குந்துங்கன்னு அந்த மைக்ராஸ்கோப்பு முன்னாடி ஒக்கார வெச்சிது. ஒரு கண்ண மூடிகினு பாருங்கன்னுச்சி. மொதல்ல என் இமை முடிதான் தெரிஞ்சிது. அப்புறம் மெல்ல மெல்ல, அடி சரசு, பாவு நீட்டி வெச்சாப்ல நூலு நூலா, ஒவ்வொரு நூலு நுனியிலயும் கருப்பா ஒரு மணி. எவன் நெய்தானோ அதை. இதுதான் செவப்பு நூலு கட்டினதுல பூத்ததுன்னு சொல்லிச்சி. நான் வந்த வேலையவே மறந்து பாத்துகினு இருந்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்து அது கையப் புடிச்சிகினேன். ‘அம்மாடி, உன்னைப் பெத்தவளா நெனைச்சிக் கேக்கிறேன், அந்த டம்ளர தூக்கி வெளிய ஊத்திடு. தப்பா நடந்துடுச்சின்னு சொல்லிடு. எம் பேத்தி தலையெழுத்தே அதுலதான் இருக்குது’ன்னேன்.

அது கண்ணாடிய எறக்கிப் போட்டுகினு என்னைப் பாத்துச்சி. ‘ஆயா, இதை நான் ஊத்திட்டா நாளைக்கு நான் எதைக் காட்டினாலும் உங்க புள்ளை நம்புவாரா? தீபாவே நம்ப மாட்டா’ன்னுச்சி.

‘அப்ப அவன் சொல்றது நெசந்தானா?’

‘தெரியாது ஆயா.’

எனக்கு வந்துச்சி பாரு கோவம். இன்னாத்துக்குடி உனக்கு சம்பளம், ஒரு எழவும் தெரியாம ஒரு பொண்ணு பொழைப்ப கெடுக்கிறியேன்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டு வந்துட்டேன். கொடைய அங்கயே வுட்டுட்டேன்.

சாயந்திரமே அந்தக் கொடைய எடுத்துகினு நம்ம வூட்டுக்கு வந்துடுச்சி. பின்னாடியே தீபாவும். குமாரு தறியில இருந்தான், எழுந்திரிக்கல. அந்தம்மா தறிக்குழி பக்கத்துல தரையிலயே ஒக்காந்துகினு, அன்னிக்குக் கிளாசுல நடந்ததச் சொல்லிச்சி. இந்த டம்ளருங்கள யாரெல்லாம் தொறந்து பாத்தீங்கன்னு கேட்டிருக்குது. ஒருத்தரும் கை தூக்கல. இது மொதல்ல தன் கைய தூக்கி, நான் செவப்பைத் தொறந்து பாத்தேன், மனசு கேக்கலன்னு சொல்லியிருக்குது. அவ்ளோதான், வரிசையா எல்லாக் கையும் மேல வந்துடுச்சி. எல்லாரும் செவப்பையேதான் தொறந்திருக்காங்க. வெள்ளைய எவளும் சீண்டல. தீபா சோத்து நேரத்துக்கு ஒரு தரம், தண்ணி குடிக்கப் போறப்ப ஒரு தரம்னு தொறந்து தொறந்து பாத்திருக்கா. அவ கவலை அவளுக்கு. அப்படி ஊரே தொறந்து பாத்தா பூக்காம இன்னா பண்ணும்?

நான், அப்ப விசயம் முடிஞ்சிது பாருடான்னு கைய தட்டினேன். அந்தம்மாதான் என்னை அடக்கிச்சி. ‘தொறந்ததாலதான் பூத்துச்சான்னு எனக்குத் தெரியாது சார். நீங்க சொல்றதும் சரியா இருக்கலாம். தீபாவோட அடுத்த நாளு வரட்டும். இந்த வாட்டி நீங்களே ஊத்தி, நீங்களே கட்டிக் குடுங்க’ன்னு குமாருகிட்ட சொல்லிச்சி.

இவன் நெய்யற நாடாவ நிறுத்திட்டு, ‘மறுபடியும் செவப்புதான் பூத்துச்சின்னா?’ன்னு கேட்டான். அப்ப அவ பெரணமல்லூருக்குப் போவா, நீங்க வந்து நியாயம் பேசக் கூடாதுன்னான்.

அது திரும்பி தீபாவைப் பாத்துச்சி. என் பேத்தி தூணைப் புடிச்சிகினு நின்னவ, ‘சரி நைனா. எனக்கும் தெரியணும்’னா. சன்னமாத்தான் சொன்னா.

வாசல் வரைக்கும் போயி, உனக்குப் பயமே இல்லையாடின்னு அந்தம்மாவைக் கேட்டேன். பயமாத்தான் இருக்குது ஆயான்னு சொல்லிச்சி. ஆனா அந்தப் பயத்துலயும் கொக்கு மாதிரி கழுத்த நீட்டி, மூலையில இருந்த கஞ்சிச் சட்டிய எட்டிப் பாக்குது. இதுல ஏன் ஆயா அடியில மிச்சம் வெச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சி.

எங்க மாமியார் காலத்துலேர்ந்து அந்தச் சட்டிய வழிச்சிக் கழுவுற வழக்கமே இல்ல சரசு. அடியில ஒரு கை கஞ்சிய வுட்டுவெச்சி, அது மேலயே புதுக் கஞ்சிய ஊத்துவோம். சட்டி வெறுமையா இருந்தா தறியும் வெறுமையாப் பூடும்னு அவங்க சொல்லிட்டுப் போனது. அதை நான் பயபக்தியா சொன்னேன். அந்தம்மா மூஞ்சி பளிச்சுனு ஆயிடுச்சி. இதுக்கும் ஒரு டப்பா வெச்சிக்கலாமேன்னுச்சி.

தீபாவுக்கு நாள் வந்துச்சி. குமாரே புதுப் பாத்திரத்துல கஞ்சி காச்சினான். வெளியிலேர்ந்து பாத்தாலே தெரியற கண்ணாடி டப்பாங்கள வெந்நியில போட்டு எடுத்து ஊத்தினான். கொட்டாயிலேர்ந்து தீபா வந்து ஒண்ணுல வெரல வெச்சா. இவன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிகினு நின்னான். அது செவப்பு. பச்சைக்கு இவனே கைய கழுவிட்டு வெரல வெச்சான். யாரும் தொடாதது வெள்ளை, ரெண்டு டப்பா. பழைய சட்டியிலேர்ந்து ஒரு கரண்டி எடுத்து இன்னொண்ணுல கலந்தான், அதுக்கு மஞ்சள் நூலு. எல்லா மூடியையும் அந்தந்தக் கலரு நூலால கட்டி தறிக்கார முடிச்சி போட்டான், வேற எவனும் பிரிச்சிக் கட்டினா தெரிஞ்சிடும். வெள்ளையில ஒண்ணுக்கு மட்டும் முடிச்சி வோணாம்னு அந்தம்மா சொல்லிடுச்சி. அதை வேணும்னே தொறந்து தொறந்து மூடணுமாம்.

லேபுல கண்ணாடி அலமாரியில அடுக்கிப் பூட்டி, சாவிய குமாருகிட்டயே குடுத்துடுச்சி. இவன் ஜரிகை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு தினம் பள்ளிக்கூடத்துக்குப் போவான். நமக்குத் தெரியாதா? ஜரிகைக் கடை அந்தப் பக்கமே இல்ல. முடிச்சி இல்லாத வெள்ளைய மட்டும் தொறந்து தொறந்து மூடிட்டு, அலமாரி முன்னாடி நின்னுகினே இருப்பானாம். அந்தம்மா கிட்டவே வராது, தூரத்துல பசங்களோட எதையாவது கிளறிகினு இருக்கும்.

ஒரு நாளு நானும் கூடப் போனேன், நெஞ்சு தாங்கல. மஞ்சள் டப்பா, அய்யய்யே, கருப்புப் பூனை குந்தியிருக்காப்ல முடி முடியா இருக்குது. தொறந்து மூடின வெள்ளையில புள்ளி புள்ளியா. செவப்பும் பச்சையும் முடிச்சி போட்ட வெள்ளையும் ஊத்தினது ஊத்தினாப்ல இருக்குது.

குமாரு அந்தம்மாவைக் கூப்பிட்டு, இதுக்கு இன்னாங்க அர்த்தம்னு கேட்டான். அப்பவாவது சொல்லக் கூடாதா? சொல்லல.

‘நீங்க இன்னா பாத்தீங்க சார்?’

‘மஞ்சள்தான் பூத்துகினு இருக்குது.’

‘செவப்பு?’

இவன் செவப்பையும் பச்சையையும் மாத்தி மாத்திப் பாத்தான். தீபா பக்கத்துல நிக்கிறா. நான் அவ கைய புடிச்சிருக்கேன்.

‘அவளுதும் என்னுதும் ஒண்ணாத்தான் இருக்குது’ன்னான்.

அந்தம்மா தலைய ஆட்டிச்சி, அவ்ளோதான். நான் சொன்னேன் பாத்தியான்னு ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு அப்படியே ஒரு கோயில் கட்டலாம் சரசு. நானா இருந்தா ஊரக் கூட்டி சொல்லியிருப்பேன். இதோ இப்பவும் உன்கிட்ட சொல்லிகினுதானே இருக்கேன்.

இவன் நேரா வூட்டுக்கு வந்தான். சட்டிய தூக்கிகினு போயி, புளியும் மண்ணும் போட்டுத் தேச்சி, வெந்நி ஊத்தி, வாசல்ல வெயில்ல கவுத்து வெச்சான். எங்க மாமியார் எங்க இருந்து பாக்கிறாங்களோன்னு எனக்குப் பக்குனு ஆச்சி. வெறும் சட்டி. தறி வெறுமையாவும் ஆவல, ஒண்ணும் ஆவல. அந்த மழைக்கும் அங்கங்க ரெண்டு புள்ளி வரத்தான் செஞ்சிது, ஈரத்துக்கு வராம இருக்குமா? ஆனா யாரும் யாரையும் ஒரு கேள்வி கேக்கல. பெரணமல்லூர் பேச்சும் அப்படியே அமுங்கிப் பூடுச்சி. அடுத்த மாசம் தீபா பாய எடுத்துகினு கொட்டாய்க்குப் போறா, இவன் தறியிலேர்ந்து தலைய திருப்பாம, சாரல் அடிக்குது, உள்ளாறயே படுன்னான். மருமவ அடுப்பங்கரையில மூக்க உறிஞ்சற சத்தம் எனக்குக் கேட்டுது.

அடுத்த வருசமே அந்தம்மாவை எங்கயோ மாத்திட்டாங்க. கெளம்பறதுக்கு முந்தி சொல்லிட்டுப் போவ வந்துச்சி. நான் ஒரு பட்டு ஜாக்கெட்டுத் துணி எடுத்து வெச்சிருந்தேன், வாங்கவே இல்ல. எனக்கு ஏதாவது குடுக்கணும்னா அந்த மஞ்சள் டப்பாவ குடுங்க ஆயா, போற வழியில பாத்துகினே போவேன்னுச்சி. குமாரு அதை ஞாபகமா பரண் மேல வெச்சிருந்தான். எடுத்துக் குடுத்தான். பைக்குள்ள போட்டுகினு பஸ் ஏறிச்சி. பக்கத்து சீட்டு எவன் தலையெழுத்தோ.

அப்புறம் பாக்கவே இல்ல. தீபா வேலூர்ல ரத்தம், சளி எல்லாம் டெஸ்ட் பண்ற படிப்பு படிக்கிறா இல்ல, அங்க பெரிய டாக்டரு ஒருத்தர் கேட்டதுக்கு, தெரியாது சார், பாத்து சொல்றேன்னாளாம். போன்ல சொல்லிட்டு சிரிக்கிறா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அன்னிக்கு லேபுல அந்தம்மாவைத் திட்டினேனே, அதுக்கு அது ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல. கொடையல்ல கொண்ணாந்து குடுத்துச்சி.

இன்னா கேக்கிற? வெயிலு பட்டா பூசணம் ஏன் சாவுதுன்னா? எனக்குத் தெரியாதுடி. தீபா ஞாயித்துக்கிழமை வருவா, பாத்துடலாம். இந்தா, கீரைய நீயே உருவு. குமாரு கஞ்சி வேலைய முடிச்சிட்டான், வெயிலு எறங்கறதுக்குள்ள சட்டியத் தேச்சிக் கவுக்கணும் நான்.